வட்டத்துக்கு வெளியே ஐந்து பேர்

கிராக்ஹோம், யார்க்ஷயர்
24 பிப்ரவரி 2013

அன்புள்ள க்வெண்டா,

நம் தேவி வழிபாட்டு வட்டம் வரும் ஜூன் மாதத்தோடு கலைக்கப்படலாம். நேற்று மாலை நான்கு மணிக்கு டீலியா தன் சமையலறையில் வைத்து இதை என்னிடம் நேரடியாகச் சொன்னாள். அவள் கணவர் ஃபிராங்க் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். ஆகவே இது வதந்தி அல்ல.

நான் சுகம். இடது முட்டி மட்டும் படியிறங்கும்போது முனகுகிறது. உன் இருமல் விட்டதா? ஆர்க்னி தீவின் காற்று நெஞ்சுக்கு ஆகாது என்று நீ புறப்படும்போதே சொன்னேன். கடிதம் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. போனில் நீ பாதியில் வைத்துவிடுகிறாய். நான் பாதியில் பேச்சை மாற்றிவிடுகிறேன்.

நீ போய்ப் பதின்மூன்று மாதம். அதற்குப் பிறகு வந்த ஒன்பது பண்டிகைகளில் மூன்றைத்தான் கொண்டாடினோம். பூசாரியாக இருக்கும் டீலியாவுக்கே வெறுத்துவிட்டது.

"பன்னெண்டு வருஷமா ஒண்ணா நின்னு தேவிய கூப்பிட்டிருக்கோம். இப்ப கோப்பைய கைமாத்தறப்ப ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறதில்ல. எல்லாரும் கோப்பைக்குள்ளயே பாக்கறாங்க" என்றாள் டீலியா.

"நான் பீர் நல்லாருக்குன்னு நெனச்சேன்" என்றார் ஃபிராங்க்.

"நீ வாய மூடு."

காரணம் உனக்குத் தெரியும். 2011 அக்டோபரில், டாம்சின் நம்மில் ஒருத்தி என்று இந்த ஊர்ப் பள்ளியின் நிர்வாகக் குழுவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். தேவாலயம் நடத்தும் பள்ளி. மூன்று வாரத்தில் அவள் ராஜினாமா கடிதம் கொடுக்க வேண்டியதாயிற்று. நம்மவர் ஒருவரை வெளியாருக்குக் காட்டிக் கொடுப்பதில்லை என்பது நாம் ஒவ்வொருவரும் செய்த சத்தியம். அந்த யாரோ நீதான் என்று எல்லோரும் மனதுக்குள் முடிவு செய்துவிட்டார்கள். அதே பள்ளியின் சமையலறையில் நீ வேலை பார்த்தாய் என்பதைத் தவிர அவர்களிடம் ஆதாரம் ஏதும் இல்லை.

டீலியா ஒரு கடைசி முயற்சி வைத்திருக்கிறாள். மே 4, சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி, அவள் வீட்டுப் பின்வயலில் உண்மை பேசும் சடங்கு. ஒரு கல் சுற்றி வரும். கல்லைக் கையில் வைத்திருப்பவர் மட்டும் பேசலாம். தான் செய்ததை, பார்த்ததை, மறைத்ததை மட்டும் பேசலாம். அடுத்தவர் செய்ததைப் பேசக் கூடாது. மூன்று சுற்று. அதிலும் சரியாகவில்லை என்றால் கலைத்துவிடுவது.

நீ வருவாயா? முடியாவிட்டால் ஒரு வாக்குமூலம் எழுதி அனுப்புவாயா? ஏப்ரல் 20க்குள் தெரிந்தால் நல்லது.

தேவியின் கை உன் தலைமேல் இருக்கட்டும்.

லோர்னா

*

ஸ்ட்ரோம்னெஸ், ஆர்க்னி
9 மார்ச் 2013

அன்புள்ள அக்கா,

தலைப்புச் செய்தி முதலில், முட்டி இரண்டாவது பத்தியில். முப்பத்தைந்து வருடம் வாரப் பத்திரிகையில் வேலை பார்த்தவள் கூடப்பிறந்தவளுக்கு வேறு எப்படி எழுதுவாள்? இருமல் விட்டுவிட்டது. இந்தக் காற்றில் இருமல் நிற்காது, பறந்துவிடும். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. மாத்திரையை ஒளித்து வைக்காமல் சாப்பிடு.

நான் படகுத் துறையில் டிக்கெட் கொடுக்கிறேன். மேல்மாடி அறையை வாடகைக்கு விட்டிருக்கும் திருமதி இஸ்பிஸ்டரிடம் முதல் வாரமே என்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அங்கே பட்டது போதும் என்று.

"நீ சூனியக்காரியா?" என்று கேட்டாள்.

"விக்கா வழின்னு சொல்வோம், தேவியையும் பருவங்களையும் கும்பிடற பழைய வழி. நீங்க எப்படி வேணா சொல்லிக்கோங்க."

"சரி. நாளைக்கு மழை வருமா? போர்வை துவைக்கணும்."

அவ்வளவுதான். இந்தத் தீவில் அது அவ்வளவுதான், அக்கா.

நான் வரமாட்டேன். ஒரு காட்சி எனக்கு மறக்கவில்லை. போன வருடம் பிப்ரவரிப் பண்டிகைக்கு முந்தைய கூட்டம், ஜனவரியில். வழக்கம்போல, சடங்குக்காகத் தரையில் வரைந்த வட்டத்தின் வாசலில் நீ கத்தியோடு நின்றாய். என் நெஞ்சில் முனையை வைத்து, "எந்த மனசோட வர்ற?" என்று கேட்டாய். "முழு அன்போடும் முழு நம்பிக்கையோடும்" என்று நான் சொன்னேன். கத்தியைத் தாழ்த்தினாய். எனக்கு முன்னால் டீலியாவும் ஃபிராங்கும் ப்ரூவும் டாம்சினும் அதையே சொல்லிவிட்டுத்தான் உள்ளே போயிருந்தார்கள். உள்ளே போன பிறகு ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. ப்ரூ கோப்பையைக் கொடுத்தபோது என் விரல் அவள் மேல் படாதபடி விளிம்பைப் பிடித்திருந்தாள். அவள் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவமனையில் நோய் பிடித்த பூனையைத் தூக்கும் பிடி.

ஒருவராவது வாய் திறந்து, "க்வெண்டா, நீ சொன்னியா?" என்று கேட்டிருந்தால் நான் இருந்திருப்பேன்.

நீ செய்தியாளர். பத்தொன்பது வயதிலிருந்து ஊரார் மறைத்ததையெல்லாம் தோண்டி எடுத்திருக்கிறாய். இதை மட்டும் ஏன் தோண்டவில்லை? பள்ளிக்கு யார் சொன்னது? கண்டுபிடித்து எழுது. அதற்குப் பிறகு வருவதைப் பற்றிப் பேசலாம்.

காற்றும் அலையும் உன்னைக் காக்கட்டும்.

க்வெண்டா

*

கிராக்ஹோம்
2 ஏப்ரல் 2013

அன்புள்ள க்வெண்டா,

மே 4 சடங்குக்கு டாம்சின் வருவது உறுதி. சென்ற வியாழக்கிழமை, அவள் இப்போது வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அவளே சொன்னாள். நான் பல் காட்டப் போகவில்லை, கேட்கத்தான் போனேன்.

கடிதம் தாமதமானதற்கு மன்னிக்கவும். பனி பெய்து சாலை இரண்டு நாள் அடைபட்டிருந்தது. முட்டி தேவலை. உனக்குப் பசி எடுக்கிறதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

டாம்சின் மெலிந்திருக்கிறாள், சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. அவளுடைய பழைய வகுப்புச் சிறுமி ஒருத்தி பல் பிடுங்க வந்தாளாம். "மிஸ், நீங்க இப்ப பல்லு டீச்சரா?" என்று கேட்டாளாம். சொல்லிச் சிரித்துவிட்டு, கணினித் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க தங்கச்சி வரலன்னா இந்தச் சடங்கு எதுக்கு?" என்று கேட்டாள்.

"எழுதி அனுப்பினாலும் போதும்னு டீலியா சொல்றா."

"எழுத்துல மூஞ்சி தெரியாதே, லோர்னா."

ஏற்பாடுகள் நடக்கின்றன. எந்தக் கல் என்பதில் ஃபிராங்குக்கும் ப்ரூவுக்கும் சண்டை. ப்ரூ ஆற்றிலிருந்து ஒரு வெள்ளைக் கல் கொண்டுவந்தாள். ஃபிராங்க் தன் வேலிச் சுவரிலிருந்து ஒன்றைப் பெயர்த்து வைத்திருக்கிறார், ஏறக்குறைய ஏழு கிலோ.

"இத எப்படிய்யா கையில வச்சுப் பேசறது?" என்றாள் ப்ரூ.

"அதுக்குத்தான். கை வலிச்சா பேச்சு குறையும். நீ போன தடவ நாப்பது நிமிஷம் பேசின."

ஆற்றுக் கல்லே முடிவாயிற்று. கிழக்குத் திசைக்கு நீலத் துணி; பேச்சுக்குரிய திசை அதுதானே. உப்பு நீர்க் கிண்ணத்தில் ஒவ்வொருவரும் விரல் நனைத்து உதட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். கேக் டீலியா செய்கிறாள். வாசலில் வழக்கம்போல நான்.

வயலின் ஓரத்தில் முள்மரம் மொட்டு விடவில்லை. மேக்குள் பூத்துவிடும் என்கிறார் ஃபிராங்க்.

தேவி உன்னோடு இருக்கட்டும்.

லோர்னா

*

ஸ்ட்ரோம்னெஸ்
10 ஏப்ரல் 2013

அன்புள்ள அக்கா,

நன்றாக இருக்கிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கல்லின் எடை இருக்கிறது, துணியின் நிறம் இருக்கிறது. முள்மரத்து மொட்டு வரைக்கும் வந்துவிட்டது. நான் கேட்ட கேள்விக்குப் பதில் எங்கே?

என் வாக்குமூலம் தனித் தாளில், மடித்து வைத்திருக்கிறேன். ஒரே வரி. அதை நீ படிக்காதே, டீலியா படிக்கட்டும்.

கேள்வியை மறுபடி எழுதுகிறேன், கையெழுத்து புரியாமல் போயிருந்தால் உதவும். பள்ளிக்கு யார் சொன்னது?

க்வெண்டா

*

கிராக்ஹோம்
22 ஏப்ரல் 2013

அன்புள்ள க்வெண்டா,

உன் வாக்குமூலம் 15ஆம் தேதி காலைத் தபாலில் வந்தது. அன்றே டீலியாவிடம் கொடுத்தேன். நான் பிரிக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே ஒரே மழை.

நீ கேட்டதைப் பற்றி இப்போது நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

லோர்னா

*

ஸ்ட்ரோம்னெஸ்
27 ஏப்ரல் 2013

லோர்னாவுக்கு,

எனக்குப் பதினெட்டு வயது, உனக்கு இருபத்து மூன்று. சாயப் பட்டறைத் தீ விபத்துச் செய்தியை எழுதிவிட்டு வந்து அடுப்படியில் உட்கார்ந்தாய். முதலாளி வாயே திறக்கவில்லையே, பூட்டியிருந்த கதவைப் பற்றி எப்படி அவ்வளவு தைரியமாக எழுதினாய் என்று கேட்டேன். நீ சொன்னாய்: "இல்லன்னா மனுஷன் இல்லன்னு சொல்வான், க்வெண்டா. ஆமான்னா மட்டும்தான் 'சொல்றதுக்கு ஒண்ணுமில்ல'ம்பான்."

அன்று நீ கற்றுக் கொடுத்ததை வைத்துத்தான் உன் கடைசிக் கடிதத்தைப் படித்தேன்.

மே நான்காம் தேதி வாசலில் நீதானே நிற்கப் போகிறாய்? நில்.

க்வெண்டா

*

கிராக்ஹோம்
6 மே 2013

அன்புள்ள க்வெண்டா,

டாம்சின் அந்தப் பள்ளியை விட்டுப் போகக் காரணமானவள் நான். இது உறுதியான செய்தி. ஆதாரமும் நான்தான்.

உன் சுகத்தை விசாரிக்கும் உரிமை எனக்கு இப்போது உண்டா என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நீயும் வட்டத்தில் ஒருத்தி என்பதால் எல்லாவற்றையும் உனக்கு எழுத மற்ற நால்வரும் அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

2011 அக்டோபர் 14, வெள்ளிக்கிழமை, ஊர் மன்றக் கூட்டத்தின் தேநீர் இடைவேளை. பள்ளி நிர்வாகக் குழுவிலிருக்கும் பிலிப் ஆர்மிடேஜ் என் பக்கத்தில் வந்தார். நான் இந்த வழியைச் சேர்ந்தவள் என்பது ஊருக்கே தெரியும், ஒளித்ததில்லை. பிஸ்கட்டை நனைத்துக்கொண்டே, "அந்த டாம்சின் டீச்சரும் உங்க கூட்டமாமே?" என்றார்.

நான் செய்த சத்தியம் இரண்டு. வட்டத்தில் நம்மவர் பெயரைச் சொல்வதில்லை என்று ஒன்று. பொய் சொல்வதில்லை என்பது தொழிலுக்கு வந்த நாளில் எனக்கு நானே செய்துகொண்டது. இரண்டையும் காப்பாற்றுவதாக நினைத்து, "அதப் பத்தி நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, பிலிப்" என்றேன்.

அவர் சிரித்தார். "போன மாசம் தபால்காரரப் பத்திக் கேட்டப்ப, 'சேச்சே, அவரா'ன்னீங்க" என்றார். கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் அந்த வாக்கியத்தை வைத்துச் செய்தி எழுதியவள் நான். அது ஆமாம்தான் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவர் நான்கு எட்டு வைப்பதற்குள் தெரிந்துவிட்டது. பின்னாலேயே ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

நவம்பரில் டீலியா, "பள்ளிக்கூட அடுப்படியில யாரு இருக்காங்கன்னு யோசிச்சாலே போதும்" என்றாள். நான் தேநீரைக் குடித்து முடித்தேன்.

இனி சனிக்கிழமை. மதியம் 2:05க்கு டீலியா வட்டம் வரைந்தாள். நான் உள்ளே, வடகிழக்கு வாசலில், கறுப்புப் பிடிக் கத்தியோடு நின்றேன். ஃபிராங்க் வந்தார், சொல்ல வேண்டியதைச் சொன்னார், உள்ளே விட்டேன். ப்ரூவும் அப்படியே. மூன்றாவதாக டாம்சின். முனையை அவள் நெஞ்சில் வைத்துக் கேட்டேன். "முழு அன்போடும் முழு நம்பிக்கையோடும்" என்றாள், கண்ணுக்கு நேராகப் பார்த்து. என்னால் கத்தியைத் தாழ்த்த முடியவில்லை.

"என்ன லோர்னா, கை மரத்துப் போச்சா?" என்றாள்.

கத்தியைத் திருப்பிப் பிடியை அவளிடம் கொடுத்தேன். அவளை உள்ளே இழுத்துவிட்டு நான் வெளியே போய் நின்றேன். "என்னைக் கேளு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் முனையை என் நெஞ்சில் வைத்தாள். "எந்த மனசோட வர்றீங்க?"

"அன்பு இருக்கு. நம்பிக்கைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பிலிப்புக்கு உன்னைக் காட்டிக் கொடுத்தது நான்." பிறகு மேலே உனக்கு எழுதியதை அப்படியே சொன்னேன். நான்கு நிமிடம் ஆகியிருக்கும்.

"எவ்வளவு நாளா தெரியும்?"

"பதினெட்டு மாசம் மூணு வாரம்."

"கணக்கு மட்டும் சரியா வச்சிருக்கீங்க." கத்தி அசையவில்லை. "'இல்ல'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"பொய்யாயிருக்கும்."

"ஆமா. எனக்காக ஒரு பொய். இல்லன்னா, 'ஒரு டீச்சரப் பத்தி இப்படிக் கேக்க வெக்கமா இல்லையா'ன்னு அந்த ஆளக் கேட்டிருக்கலாம். அது பொய்யுமில்ல." பிறகு சொன்னாள்: "இன்னிக்கு உங்கள உள்ள விட முடியாது."

அது அவள் உரிமை. நான் போய் வேலிச் சுவரில் உட்கார்ந்தேன். மழை தூற ஆரம்பித்தது.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. ஃபிராங்க் தொண்டையைச் செருமினார். "டாம்சின் கண்ணு, கொஞ்சம் வாசலத் திற. நானும் பொய்தான் சொல்லிட்டு உள்ள வந்தேன். க்வெண்டாதான்னு நம்பினேன். ஒரு தடவகூட அவகிட்டக் கேக்கல" என்றார். வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்து ப்ரூ. விளிம்பைப் பிடித்துக் கோப்பை கொடுத்ததை அவளே சொன்னாள், நான் உன் கடிதத்தைக் காட்டாமலே. அழுதுகொண்டே வெளியே வந்தாள்.

டீலியா நடுவில் நின்றாள். பன்னிரண்டு வருடப் பூசாரி. "முதல்ல அவ பேரச் சொன்னது நான்தான். என் அடுப்படியில" என்றாள். அவளும் வெளியே வந்துவிட்டாள்.

வட்டத்துக்குள் டாம்சின் மட்டும், கையில் கத்தி, முன்னால் கேக். எங்கள் நான்கு பேரையும் பார்த்தாள். சுவரில் வரிசையாக, நனைந்த கோழிகளைப் போல இருந்திருப்போம். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியாத சிரிப்பு.

"உள்ள ஆளே இல்ல! யாரக் காப்பாத்த இந்த வட்டம்?" என்றாள். பிறகு, "தள்ளிக்கோங்க. நானும்தான் க்வெண்டாவ மனசுல ஆயிரம் தடவ திட்டியிருக்கேன்" என்று கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரில் ஏறினாள்.

கல் சுவர்மேலேயே மூன்று சுற்று வந்தது. யாரும் அடுத்தவரைப் பற்றிப் பேசவில்லை. முதல் சுற்று முடிந்ததும் டீலியா உன் தாளைப் பிரித்துப் படித்தாள். "நான் சொல்லவில்லை, என்னிடம் யாரும் கேட்கவுமில்லை." மற்றச் சுற்றுகளிலும் உன் முறை வந்தபோது அதையே மறுபடி படித்தாள். மாலை 5:20க்கு முடிந்தது. பன்னிரண்டு வருடத்தில் நாங்கள் நடத்திய சடங்குகளில் வட்டத்துக்குள் ஒருவர்கூட இல்லாமல் முடிந்தது இது ஒன்றுதான். ஒழுங்காக நடந்தது இதுதான் என்கிறார் ஃபிராங்க்.

நீ வந்து நிற்கும்வரை மறுபடி வட்டம் வரைவதில்லை என்று டீலியா சொல்லிவிட்டாள். கலைப்பதாகவும் இல்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதினேன். நன்றாக எழுதியிருந்தேன். அதனாலேயே கிழித்துவிட்டேன். தவறு செய்தேன், க்வெண்டா. டாம்சினுக்குச் செய்தது ஒரு நொடித் தவறு. உனக்குச் செய்ததைத் தினமும் காலையில் எழுந்து செய்தேன்.

லோர்னா

*

கிராக்ஹோம்
21 மே 2013

அன்புள்ள க்வெண்டாவுக்கு,

டாம்சின் எழுதுகிறேன். நீங்கள் சுகம்தானே? லோர்னாவின் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை என்று தெரியும். அவர் தினமும் தபால்காரரை வாசலிலேயே மடக்குகிறார். அதற்காக எழுதவில்லை.

நான் உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். வகுப்பில் ஒரு பென்சில் காணாமல் போனால்கூட, எடுத்தாயா என்று கேட்ட பிறகுதான் முகத்தைக் காட்ட வேண்டும் என்று ஏழு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

இன்னொரு செய்தி. நேற்று நானே நிர்வாகக் குழுத் தலைவியைப் போய்ப் பார்த்தேன். "நான் விக்கா வழியைச் சேர்ந்தவள். இதற்காக என்னைப் போகச் சொன்னது சட்டப்படி சரியா என்று எழுதிக் கொடுங்கள்" என்றேன். கையிலிருந்த தாளை அவர் மேசைமேல் வைத்தேன். பிலிப்போடு நடந்த பேச்சைத் தேதி, நேரம், பிஸ்கட் உட்பட லோர்னா கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்திருந்தார். தலைவி பிஸ்கட் வரியை இரண்டு தடவை படித்தார்.

லோர்னாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் சனிக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து மனு எழுதுகிறோம். நல்ல மனு எழுதுகிறார்.

நீங்கள் சமைத்துப் போட்ட உருளைக்கிழங்கு அப்பத்தை அந்தப் பள்ளியில் பிள்ளைகள் இன்னும் தேடுகிறார்களாம்.

அன்புடன்,
டாம்சின்

*

ஸ்ட்ரோம்னெஸ்
16 ஜூன் 2013

லோர்னாவுக்கு,

எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதுகிறேன். டீலியாவுக்குப் படித்துக் காட்டு.

நான் சுகம். இந்த வடகோடியில் கோடை வந்தால் இருட்டுவதே இல்லை. உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நிறைய நடந்தேன். திருமதி இஸ்பிஸ்டர் கேட்டாள்: "என்ன, யாராவது செத்துட்டாங்களா?" "இல்ல. என் பேரு உயிரோட வந்துடுச்சு" என்றேன். "அப்ப ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?" என்றாள். அதற்குப் பதில் தேடத்தான் ஆறு வாரம் பிடித்தது.

நான் அங்கே வந்து நிற்க வேண்டும் என்கிறீர்கள். நான் ஏன் வர வேண்டும்? நான் ஒரு தவறும் செய்யவில்லை. நீங்கள் இங்கே வாருங்கள். அறுவடைப் பண்டிகைக்கு, ஆகஸ்ட் 3, சனிக்கிழமை. ஃபிராங்கின் வேன் இன்னும் ஓடுகிறது என்று நினைக்கிறேன். கத்தியைக் கொண்டுவாருங்கள். வாசலில் நான் நிற்பேன். கேள்வி நான் கேட்பேன்.

பழைய வார்த்தைகளைச் சொல்லி யாரும் உள்ளே வர முடியாது. அவரவர் உண்மையை அவரவர் வார்த்தையில் சொல்ல வேண்டும்.

டீலியா, ஃபிராங்க், ப்ரூ, டாம்சின் வரலாம். நீ வராதே, லோர்னா. அவர்கள் சந்தேகப்பட்டார்கள். நீ தெரிந்தே மறைத்தாய். இரண்டையும் ஒரே வேனில் ஏற்ற முடியாது. உன்னை எப்போது கூப்பிடுவது என்று நான் முடிவு செய்வேன்.

முட்டியைப் பார்த்துக்கொள்.

க்வெண்டா

*

கிராக்ஹோம்
14 ஜூலை 2013

அன்புள்ள க்வெண்டா,

டாம்சினின் ராஜினாமாவைக் கேட்டு வாங்கியது தவறு என்று பள்ளி நிர்வாகக் குழு எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. கடிதத்தின் தேதி ஜூலை 10. மூலத்தை என் கண்ணால் பார்த்தேன்; நகல் உள்ளே இருக்கிறது. செப்டம்பரில் காலியாகும் ஆசிரியர் பணிக்கு அவளை ஆகஸ்ட் 20 அன்று நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். பிலிப் குழுவிலிருந்து விலகிக்கொண்டார்.

இந்தச் செய்தியை அவள் பெயரோடு பத்திரிகையில் போடச் சொன்னாள் டாம்சின். அவள் வாயால் அவள் பெயர். முதல் பக்கத்தில் வந்தது. நான் எழுதவில்லை, எழுதத் தகுதியில்லை என்று பத்திரிகை ஆசிரியரிடம் காரணத்தைச் சொன்னேன். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் எழுதினாள். நன்றாகவே எழுதியிருக்கிறாள்.

உன் நிபந்தனைகளைச் சமையலறையில் சத்தமாகப் படித்தேன், என் பெயர் வந்த பகுதி உட்பட. எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள். ஃபிராங்க் வேனுக்கு நான்கு புது டயர் போட்டிருக்கிறார். கத்தியைச் சமையல் துண்டில் சுற்றி ரொட்டிப் பெட்டியில் வைத்தாயிற்று. ஆகஸ்ட் 1 காலை ஆறு மணிக்குப் புறப்படுகிறார்கள். நான் அவர்களுடைய பூனைகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

நீ சொன்னது சரி. இரண்டும் ஒன்றல்ல.

முட்டிக்கு ஒத்தடம் கொடுக்கிறேன். மாத்திரையும் சாப்பிடுகிறேன். நீ நன்றாக இரு.

லோர்னா

*

ஸ்ட்ரோம்னெஸ்
5 ஆகஸ்ட் 2013

அக்காவுக்கு,

சனிக்கிழமை காலை 11:10க்கு வட்டம் முழுதாக வரையப்பட்டது. நான்கு பேரும் உள்ளே வந்தார்கள். ஆதாரம்: கத்தியைப் பிடித்திருந்தவள் நான்.

பூனைகள் சுகமா? நீ சுகமா? நான் இரண்டு நாளாகப் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போய் இருக்கிறேன்.

அவர்கள் வெள்ளிக்கிழமைப் படகில் வந்தார்கள். நான்தான் டிக்கெட் கவுண்டரில் இருந்தேன். ஃபிராங்க் முகம் பச்சையாக இருந்தது. வழியெல்லாம் வாந்தியாம்.

"கடல இப்படிக் குலுக்கினது நீதானே? உண்மையச் சொல்லு" என்றார்.

"கேட்டீங்களே, அதுவே போதும்" என்றேன். அங்கேயே எல்லோரும் சிரித்துவிட்டோம். வரிசையில் நின்ற ஜெர்மன்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

ஊருக்கு மேற்கே கடலோரப் புல்வெளியில் செய்தோம். திருமதி இஸ்பிஸ்டர் நாற்காலி போட்டுத் தள்ளி உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். யாரும் போகச் சொல்லவில்லை.

முதலில் டீலியா. முனையை வைத்தேன். எவ்வளவு வருடம் அவளுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன்! "எந்த மனசோட வர்ற?" என்றேன். "அன்பு முழுசா இருக்கு. நம்பிக்கைய நான்தான் ஒடச்சேன், உன் கையால திரும்ப வாங்கிக்க வந்திருக்கேன்" என்றாள். உள்ளே விட்டேன். ப்ரூ பேசவே இல்லை. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள், விளிம்பை அல்ல. உள்ளே விட்டேன். "வாந்தியும் வெக்கமும் போக மிச்சம் இருக்கறதோட வர்றேன்" என்றார் ஃபிராங்க். டாம்சின் சொன்னதை எழுதமாட்டேன். அது எனக்கு மட்டும் சொன்னது.

நான்கு திசைகளையும் கூப்பிட்டோம். மேற்கைக் கூப்பிடுவது எப்போதும் நீதான். யார் கூப்பிடுவது என்று டீலியா பார்த்தாள். நானே கூப்பிட்டேன். கடல் அந்தப் பக்கம்தான் இருந்தது. என் குரலைவிட அதுதான் சத்தமாக வந்தது.

பார்லி ரொட்டியைப் பிட்டுக் கொடுத்தபோது ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்த்துத்தான் வாங்கினார்கள். நான் ஜெயித்துவிட்டேன், அக்கா. சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும் போல இருந்தது. சொல்லியும்விட்டேன். நாற்காலியிலிருந்து திருமதி இஸ்பிஸ்டர் கை தட்டினாள்.

நான் கிராக்ஹோமுக்குத் திரும்புவதாக இல்லை. எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது. வருடத்துக்கு இரண்டு பண்டிகை அங்கே, இரண்டு இங்கே என்று பேசி முடித்திருக்கிறோம்.

இன்னும் முடியாதவை இரண்டு. டாம்சினின் நேர்காணல் முடிவு ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் தெரியும். அவள் முதலில் எனக்குத்தான் போன் செய்வாள். நீ அடுத்த நாள் கேட்டுக்கொள்.

மற்றது நீ. செப்டம்பர் 21, சனிக்கிழமை, நீ இங்கே வா. கத்தியை அவர்கள் என்னிடமே விட்டுப் போயிருக்கிறார்கள். உன் பேருக்கு ஒரு டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன். எதைக் கேட்பேன் என்று உனக்குத் தெரியும். பதிலை எழுதி அனுப்பாதே. எழுதினால் நீ நன்றாக எழுதிவிடுவாய். வந்து, நின்று, வாயால் சொல். உள்ளே விடுவேனா என்று எனக்கே இன்னும் தெரியாது.

படகு மதியம் இரண்டே முக்காலுக்குத் துறைக்கு வரும்.

க்வெண்டா